தமிழ்நாட்டில் ஆசிரியர் பயிற்சியும் அங்கீகாரமும்: திண்ணை முதல் தகுதித் தேர்வு வரை

பள்ளியில் பாடம் நடத்த ஒருவருக்குத் தகுதி உண்டு என்பதை யார் முடிவு செய்வது? ஊராரா, அரசா, பல்கலைக்கழகமா, தேர்வு வாரியமா? தமிழ்நாட்டில் கடந்த இருநூறு ஆண்டுகளில் இக்கேள்விக்கான விடை பலமுறை மாறியிருக்கிறது. வேலையில் சேர்ந்தபின் ஆசிரியர் தொடர்ந்து கற்பதை எப்படி மதிப்பது என்ற இரண்டாவது கேள்வியும் இதனுடன் இணைந்தது. முதல் கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் ஏதோ ஒரு தெளிவான விடை கிடைத்தது. இரண்டாவது கேள்வி இன்னும் பாதி வழியிலேயே நிற்கிறது. சென்னை மாகாணக் காலத்திலிருந்து இன்று வரையிலான அந்த வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாகத் தருகிறது.

திண்ணைப் பள்ளி ஆசிரியர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்துச் சிற்றூர்களில் கல்வி பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகளில் நடந்தது. மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு பனையோலைக்கும் எழுத்தாணிக்கும் பிள்ளைகள் முன்னேறினார்கள். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி ஆகியவை மனப்பாடமாயின. இந்த ஆசிரியருக்கு எந்தச் சான்றிதழும் கிடையாது. அவரிடம் படித்த பிள்ளை கணக்கும் எழுத்தும் தெரிந்து வெளியே வந்தால் ஊரார் அவரை வைத்துக்கொண்டார்கள். ஊதியம் தானியமாகவும் சிறு காசாகவும் வந்தது. நவராத்திரி நாட்களில் பிள்ளைகள் வீடு வீடாகச் சென்று கோலாட்டம் அடித்துப் பெற்றுவரும் அன்பளிப்பும் அவருடைய வருமானத்தில் ஒரு பகுதி.

அவருக்கு உதவியாக இருந்தவன் சட்டாம்பிள்ளை. மூத்த மாணவன் இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் இந்த முறை உலகக் கல்வி வரலாற்றிலும் இடம் பெற்றது. சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைகள் இல்லத்துக்கு 1789-இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டார். அதைத் தம் பள்ளியிலும் புகுத்தி, மாணவர்களைக் கொண்டே மாணவர்களுக்குக் கற்பிக்கும் முறையை வகுத்தார். 1797-இல் இலண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது 'மதராஸ் முறை' என்றே பெயர் பெற்றுப் பரவியது. திண்ணைப் பள்ளியின் ஒரு வழக்கம் கடல் கடந்து புகழ் பெற்றது. அதை அன்றாடம் கையாண்ட திண்ணை ஆசிரியரின் பெயரோ எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

மன்றோவின் கணக்கெடுப்பு

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் மாவட்ட ஆட்சியர்கள் வழியாக உள்ளூர்ப் பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். வந்து சேர்ந்த விவரங்களின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். 1826 மார்ச்சில் எழுதிய குறிப்பில் மன்றோ ஆசிரியர்களின் நிலையைத் தனியே எடுத்துப் பேசினார். பெரும்பாலான ஆசிரியர்களின் மாத வருமானம் ஆறு, ஏழு ரூபாயைத் தாண்டவில்லை என்றும், தகுதியுள்ளவர்களை இத்தொழிலுக்கு ஈர்க்க அது போதாது என்றும் அவர் சுட்டிக்காட்டினார்.

அவருடைய திட்டத்தில் இரண்டு அம்சங்கள் இருந்தன. சென்னையில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ஒரு மையப் பள்ளி அமைப்பது ஒன்று. மாவட்டங்களில் கலெக்டர் பள்ளிகளையும் தாலுகாக்களில் தாசில்தார் பள்ளிகளையும் தொடங்குவது மற்றொன்று. கலெக்டர் பள்ளி ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாயும் தாசில்தார் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாயும் அரசே தர வேண்டும் என்று திட்டமிடப்பட்டது. பயிற்சியையும் ஊதியத்தையும் சேர்த்தே பார்த்த திட்டம் இது. ஆனால் 1827-இல் மன்றோ காலராவால் இறந்தார். தொடங்கப்பட்ட பள்ளிகளும் 1836-இல் கைவிடப்பட்டன.

நார்மல் பள்ளியும் எல்.டி. பட்டமும்

1854-இல் வந்த சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை, மாகாணந்தோறும் ஆசிரியர் பயிற்சி நிலையங்கள் வேண்டும் என்று வலியுறுத்தியது. அதன் விளைவாக 1856-இல் சென்னை வேப்பேரியில் அரசு நார்மல் பள்ளி திறக்கப்பட்டது. ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளிக்கு அக்காலத்தில் நார்மல் பள்ளி என்று பெயர். இப்பள்ளி 1880-களின் இறுதியில் சைதாப்பேட்டைக்கு இடம் மாறி, ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. 1882-இல் இந்தியா முழுவதிலும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு இருந்த பயிற்சி நிலையங்கள் இரண்டே: ஒன்று சென்னையில், மற்றொன்று லாகூரில்.

அந்த ஆண்டு அமைந்த ஹண்டர் குழு ஒரு முக்கியமான பரிந்துரையைச் செய்தது. கற்பித்தலின் கொள்கையிலும் செயல்முறையிலும் தனித் தேர்வு நடத்த வேண்டும். அதில் தேறியவர்களையே அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் உயர்நிலைப் பள்ளிகளிலும் நிரந்தரமாக அமர்த்த வேண்டும் என்பது அது. பாடம் தெரிந்தால் மட்டும் போதாது, பாடம் நடத்தவும் தெரிய வேண்டும் என்ற எண்ணம் இங்கே விதியாக உருப்பெறத் தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகம் 1886-இல் எல்.டி. என்ற கற்பித்தல் பட்டத்தை ஏற்படுத்தியது. பட்டதாரி ஒருவர் ஓராண்டு பயிற்சி பெற்று எழுத்துத் தேர்விலும் வகுப்பறைத் தேர்விலும் தேற வேண்டும். பின்னாளில் குடியரசுத் தலைவரான சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், சென்னை மாநிலக் கல்லூரியில் பணியில் சேர்ந்தபின் 1910-இல் சைதாப்பேட்டைக்கு எல்.டி. படிக்க அனுப்பப்பட்டார்.

நாடு விடுதலை பெற்றபின் எல்.டி. என்பது பி.டி. ஆயிற்று, பிறகு பி.எட். ஆயிற்று. ஆனாலும் பட்டதாரி ஆசிரியரை 'பி.டி. அசிஸ்டென்ட்' என்று அழைக்கும் வழக்கம் பள்ளி அலுவலகங்களில் இன்னும் போகவில்லை. பட்டம் மறைந்து அரை நூற்றாண்டு ஆனபின்னும் பதவியின் பெயரில் அது உயிரோடிருக்கிறது.

ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளின் கதை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல பள்ளிகளுக்கு மானியம், தேர்ச்சி எண்ணிக்கையைப் பொறுத்தே வழங்கப்பட்டது. இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளைச் சோதிப்பார். எத்தனை பேர் தேறினார்களோ அந்தக் கணக்கில் பணம் வரும். அன்றைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆசிரியருக்கும் நட்டம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறை கைவிடப்பட்டது. கர்சன் பிரபு காலத்து 1904-ஆம் ஆண்டுக் கல்வித் தீர்மானம் பயிற்சிக்கு முதன்மை தந்தது. பட்டதாரிகளுக்கு ஓராண்டு, மற்றவர்களுக்கு இரண்டாண்டு, ஒவ்வொரு பயிற்சி நிலையத்துடனும் ஒரு மாதிரிப் பள்ளி என்ற அமைப்பு அதன்பின் உறுதியாயிற்று.

பெண் ஆசிரியர்கள்

1866-இல் இந்தியா வந்த மேரி கார்ப்பென்டர், பெண் ஆசிரியர்களுக்குத் தனிப் பயிற்சிப் பள்ளிகள் வேண்டும் என்று வற்புறுத்தினார். பெண் ஆசிரியர் இல்லாவிட்டால் பெண் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குவார்கள் என்பதே காரணம். 1870-ஐ ஒட்டிச் சென்னையில் பெண்களுக்கான நார்மல் பள்ளி தொடங்கியது. இளம் வயதிலேயே கணவனை இழந்த சகோதரி சுப்புலட்சுமி 1911-இல் பட்டம் பெற்று, தம்மைப் போன்ற பெண்களுக்கு விடுதி அமைத்து அவர்களைப் படிக்க வைத்தார். 1922-இல் தோன்றிய லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரியுடன் அவருக்கு நெருங்கிய தொடர்பு இருந்தது. அதன் மாதிரிப் பள்ளிக்கு அவர் தலைமையாசிரியராக விளங்கினார். வீட்டின் மூலையில் ஒதுக்கப்பட்ட பெண்ணுக்கு ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் சொந்தச் சம்பாத்தியத்தையும் ஊரில் ஒரு மரியாதையையும் தந்தது. பயிற்சிச் சான்றிதழின் சமூக மதிப்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

தரம் பிரித்த சான்றிதழ்கள்

1920-ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டத்துக்குப் பின் பள்ளிகள் பெருகின. ஆசிரியர் தேவையும் பெருகியது. ஆசிரியர்கள் தாம் படித்த அளவுக்கேற்பத் தரம் பிரிக்கப்பட்டார்கள். எட்டாம் வகுப்பு முடித்து இரண்டாண்டு பயிற்சி பெற்றவர் 'ஹையர் கிரேடு'. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துப் பயிற்சி பெற்றவர் 'செகண்டரி கிரேடு', அதாவது இன்றைய இடைநிலை ஆசிரியர். பட்டமும் பயிற்சியும் உடையவர் எல்.டி. அல்லது பி.டி. ஒரே பள்ளியில் அடுத்தடுத்த வகுப்பறைகளில் நிற்பவர்களின் சம்பளத்தையும் உட்காரும் இடத்தையும்கூட இந்தத் தரமே தீர்மானித்தது.

தமிழாசிரியர்களுக்குத் தனிப் பாதை இருந்தது. தியாகராச செட்டியார் பரிந்துரைக்க, 1880-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உ. வே. சாமிநாதையர் 50 ரூபாய்ச் சம்பளத்தில் தமிழாசிரியராக அமர்ந்தபோது அவரிடம் பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லை. ஆசிரியர் வழியும் புலமையுமே அவருக்குச் சான்று. பின்னர் இந்த வழி அடைபட்டது. 1901-இல் தோன்றிய மதுரைத் தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்ற தேர்வுகளை நடத்தியது. சென்னைப் பல்கலைக்கழகம் வித்துவான் பட்டம் வழங்கியது. ஆனாலும் பிற பாடங்களின் பட்டதாரி ஆசிரியரைவிடத் தமிழாசிரியரின் ஊதியம் நெடுங்காலம் குறைவாகவே இருந்தது. புலமை இருந்தும் பட்டத்தின் பெயர் வேறாக இருந்ததால் ஊதியம் குறைந்தது என்ற வருத்தம் அந்தத் தலைமுறைத் தமிழாசிரியர்கள் பலரிடம் உண்டு.

ஓய்வூதியம் என்னும் அங்கீகாரம்

அரசுப் பள்ளி ஆசிரியருக்கு ஓய்வூதியம் உண்டு. உதவிபெறும் தனியார் பள்ளி ஆசிரியருக்கு இல்லை என்ற நிலை விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. இருவரும் ஒரே பயிற்சி பெற்றவர்கள், ஒரே பாடத்தை நடத்தியவர்கள். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-53-இல் இயங்கிய இடைநிலைக் கல்விக் குழு, ஓய்வூதியம், வருங்கால வைப்பு நிதி, காப்பீடு ஆகிய மூன்றும் அடங்கிய முப்பயன் திட்டத்தைப் பரிந்துரைத்தது. 1955-இல் அதை நடைமுறைப்படுத்தி இந்தியாவுக்கு வழிகாட்டியது சென்னை மாநிலம். அப்போது முதலமைச்சர் காமராசர். பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு.

விருது ஒருவருக்குக் கிடைக்கும். ஓய்வூதியம் எல்லாருக்கும் கிடைக்கும். ஆசிரியரின் முதுமையைச் சமூகம் ஏற்றுக்கொள்கிறது என்பதே அதன் பொருள். 1981-இல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆக்கப்பட்டபோது அந்தப் பாதுகாப்பு மேலும் விரிந்தது. 2003 ஏப்ரல் 1-க்குப் பின் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தது. அதன்பின் இரண்டு வகை ஆசிரியர்கள் ஒரே பள்ளியில் மீண்டும் உருவானார்கள். இம்முறை பிரித்தது பணியில் சேர்ந்த தேதி.

பணியிடைப் பயிற்சி

ஒருமுறை பெற்ற பயிற்சி ஆயுள் முழுவதற்கும் போதாது என்பதை 1929-இலேயே ஹார்ட்டாக் குழு உணர்ந்திருந்தது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குப் புத்தாக்கப் பயிற்சியும் மாநாடுகளும் இதழ்களும் வேண்டும் என்று அது கேட்டது. 1955-க்குப் பின் பயிற்சிக் கல்லூரிகளில் விரிவாக்கப் பணி மையங்கள் தோன்றின. 1965-இல் மாநிலக் கல்வி நிறுவனம் உருவாகி, பின்னர் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனமாக வளர்ந்தது. ஆசிரியர் ஒருவர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இரண்டு அல்லது மூன்று மாதப் பணியிடைப் பயிற்சி பெற வேண்டும் என்று 1964-66-இல் கோத்தாரி குழு பரிந்துரைத்தது. 1986-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையின் பயனாக மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் அமைந்தன. அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் கீழ் வட்டார வள மையங்களும் குறுவள மையங்களும் வந்தன. சனிக்கிழமைக் குறுவள மையக் கூட்டம் ஆசிரியர்களின் நாட்காட்டியில் இடம் பிடித்தது.

இந்தப் பயிற்சிகளில் ஆழமான தடம் பதித்தது செயல்வழிக் கற்றல். ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்திலிருந்து எடுக்கப்பட்ட இம்முறை, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-இல் மாநிலமெங்கும் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்தது. பாடப்புத்தகத்துக்குப் பதில் கற்றல் அட்டைகள். அவற்றை வரிசைப்படுத்தக் கற்றல் ஏணி. பிள்ளைகள் தத்தம் வேகத்தில் ஏறிச் செல்வார்கள். ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் பிள்ளைகளோடு உட்கார வேண்டியிருந்தது. இதை ஏற்றுக்கொண்டு மகிழ்ந்தவர்களும் உண்டு. அட்டைகளை அடுக்குவதிலேயே நேரம் போகிறது என்று சலித்தவர்களும் உண்டு. ஆசிரியர் பயிற்சியின் நேரடி விளைவாக வகுப்பறையின் அமைப்பே மாறியது என்பது மட்டும் மறுக்க முடியாதது.

பொதுவாகப் பணியிடைப் பயிற்சி அடுக்கு முறையில் நடக்கும். மாநில அளவில் பயிற்சி பெற்றவர் மாவட்டத்துக்கும், மாவட்டத்தில் பெற்றவர் வட்டாரத்துக்கும் கருத்தாளராகச் செல்வார். குறைந்த காலத்தில் இலட்சக்கணக்கானோரை எட்ட வேறு வழி எளிதில்லை. ஆனால் ஒவ்வோர் அடுக்கிலும் நாட்கள் குறையும், சரக்கும் நீர்த்துப்போகும். கடைசியில் வகுப்பறை ஆசிரியரின் கையில் கையேடும் வருகைச் சான்றும் மிஞ்சும். ஒரு வகுப்பின் உண்மையான சிக்கலை, உதாரணமாக மூன்றாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளையை எப்படித் தூக்கிவிடுவது என்பதை, உட்கார்ந்து பேச அங்கே நேரம் இருப்பதில்லை. 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர் பயிற்சியை முன்வைத்தது. அதே காலத்தில் இணையவழிப் பயிற்சியும் பரவியது. மணிக்கணக்கு எளிதில் நிறைந்துவிடும். கற்றது எவ்வளவு என்பதை அந்தக் கணக்கு காட்டாது.

விருதுகளும் ஊக்க ஊதியமும்

தேசிய நல்லாசிரியர் விருது 1958-இல் ஏற்படுத்தப்பட்டது. இராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவரான 1962 முதல் அவருடைய பிறந்த நாளான செப்டம்பர் 5 ஆசிரியர் தினமாயிற்று. தமிழ்நாடு அரசின் மாநில விருதும் அவர் பெயரால் வழங்கப்படுகிறது. விருதுக்குரியவர்களை அலுவலர்களே பரிந்துரைத்து வந்த தேசிய முறை 2018-இல் மாறியது. ஆசிரியர்கள் தாங்களே விண்ணப்பிக்க வழி பிறந்தது. பரிந்துரையில் வேண்டியவர் வேண்டாதவர் பார்க்கப்படுகிறது என்ற பழைய குறை இதனால் குறையலாம். ஆனால் தன் பணியைத் தானே கோப்பாகத் தொகுத்துக் காட்டத் தெரியாத நல்லாசிரியர் இம்முறையில் பின்தங்கவும் கூடும்.

விருதைவிட அதிகம் பேரைத் தொட்டது ஊக்க ஊதிய உயர்வு. பணிக்குத் தேவையானதைவிட உயர்கல்வி பெற்ற ஆசிரியருக்குக் கூடுதல் ஊதிய உயர்வு தரும் முறை 1969-இல் தமிழ்நாட்டில் வந்தது. பள்ளி நேரம் முடிந்தபின் அஞ்சல் வழியில் எம்.ஏ., எம்.எட். படித்த ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்கு இது தூண்டுகோலாக இருந்தது. 2020 மார்ச்சில் அது நிறுத்தப்பட்டது.

பதவி உயர்வின் விதிகளையும் இங்கே கவனிக்க வேண்டும். உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆக விரும்புபவர் கல்வி விதிகள் பற்றிய துறைத் தேர்விலும் கணக்குத் தேர்விலும் தேற வேண்டும். நிர்வாகத்துக்கு இவை தேவைதான். ஆனால் பணியில் சேர்ந்தபின் அவர் கற்பித்தலில் எவ்வளவு முன்னேறினார் என்று கேட்கும் தேர்வோ மதிப்பீடோ அந்தப் பாதையில் இல்லை. பணி மூப்புப் பட்டியலில் பயிற்சி நாட்களுக்கும் இடமில்லை.

தகுதித் தேர்வு

2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியரின் குறைந்தபட்சத் தகுதியை நாடு முழுவதற்கும் பொதுவாக்கியது. அதன்படி தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்ட் 23-இல் வெளியிட்ட அறிவிப்பு, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க ஆசிரியர் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் அதுவரை இடைநிலை ஆசிரியர் நியமனத்துக்கு வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பு பெரிதும் உதவி வந்தது. ஆசிரியர் தேர்வு வாரியம் 2012 ஜூலையில் முதல் தகுதித் தேர்வை நடத்தியது. 150-க்கு 90 மதிப்பெண் தேவை. ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதி 2,448 பேர் மட்டுமே தேறினார்கள். நேரம் போதவில்லை என்ற குறை எழுந்ததால் அதே ஆண்டு அக்டோபரில் மறுதேர்வு நடந்தது.

அந்த முடிவு ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களின் தரத்தையும் கேள்விக்குள்ளாக்கியது. இரண்டாயிரத்துக்குப் பின் பெருகிய தனியார் பயிற்சி நிறுவனங்கள் வழங்கிய சான்றிதழை அரசே போதுமானதாகக் கருதவில்லை என்பது வெளிப்படையாயிற்று. 2018-இல் தமிழ்நாடு அரசு, தகுதித் தேர்வில் தேறியவர்களும் நியமனத்துக்கு மற்றொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று ஆணையிட்டது. முதலில் ஏழாண்டு என்றிருந்த தகுதிச் சான்றின் காலவரம்பு, 2021-இல் ஆயுள் முழுவதற்கும் நீட்டிக்கப்பட்டது.

அடுத்த திருப்பம் 2025 செப்டம்பர் 1-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. கல்வி உரிமைச் சட்டத்துக்கு முன்பே பணியில் சேர்ந்து, ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ள ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று அது கூறியது. ஐந்தாண்டுக்குக் குறைவாகப் பணிக்காலம் உள்ளவர்கள் பணியில் தொடரலாம். ஆனால் பதவி உயர்வுக்குத் தேர்ச்சி வேண்டும். சிறுபான்மை நிறுவனங்கள் தொடர்பான கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. இருபது, இருபத்தைந்து ஆண்டு பணியாற்றியவர்கள் மீண்டும் தேர்வு மேசைக்கு வர வேண்டிய நிலையை இத்தீர்ப்பு உருவாக்கியது.

வரலாறு சொல்வது

குழந்தைக்குத் தகுதியான ஆசிரியர் வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஹண்டர் குழு முதல் உச்ச நீதிமன்றம் வரை எல்லாரும் அதையே வலியுறுத்தினார்கள். ஆனால் அந்தத் தகுதி பெரும்பாலும் பள்ளியின் வாசலில் வைத்தே சோதிக்கப்பட்டது. உள்ளே நுழைந்தபின் முப்பது ஆண்டுகள் ஆசிரியர் கற்றதற்குப் பதிவேடு இல்லை. அப்படியொரு பதிவேடு இருந்திருந்தால், அதாவது பயிற்சியும் வகுப்பறை மதிப்பீடும் ஒழுங்காகத் தொகுக்கப்பட்டிருந்தால், மூத்த ஆசிரியரின் தகுதியைக் காட்ட மூன்று மணி நேரத் தேர்வு ஒன்றையே நம்ப வேண்டியிருக்காது.

மன்றோ 1826-இல் பயிற்சியையும் ஊதியத்தையும் சேர்த்துப் பார்த்தார். 1955-இன் முப்பயன் திட்டம் பணியையும் முதுமையையும் சேர்த்துப் பார்த்தது. பணிக்காலத்தில் ஆசிரியர் கற்பதையும் அவருக்குரிய உயர்வையும் அதேபோல் சேர்த்துப் பார்க்கும் ஏற்பாடு ஒன்று இன்னும் உருவாக வேண்டியிருக்கிறது. திண்ணைப் பள்ளிக் காலத்தில் ஊராருக்கு ஒரு வசதி இருந்தது: ஆசிரியர் எப்படிக் கற்பிக்கிறார் என்பதைத் தெருவில் போகும்போதே அவர்கள் கேட்க முடிந்தது. அந்தக் கவனிப்பைக் காகிதங்களுக்கு நடுவே மீட்டெடுப்பதே ஆசிரியர் கல்வியின் முன்னுள்ள வேலை.